அண்ணாச்சியிடம் கேளுங்கள்: ஒன்பது மணிக்குக் கரண்ட் போகிற நாள்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பற்றி இந்தத் தடவை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். இந்த மின்தடையைக் கம்பத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது சேரன்மகாதேவியில் வீட்டுக்குள் உட்கார்ந்தும் பார்க்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, எங்கள் தெருவில் மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை கரண்ட் இருக்காது. அன்றைக்கு மட்டும் வீடு தலைகீழாகி விடுகிறது. தண்ணீர், சமையல், ஃபிரிட்ஜ் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்க?
– வாசகி, வீரவநல்லூர்

முதல் வேலை தண்ணீர்தான் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். காலை எட்டரைக்கு மோட்டாரைப் போடலாம் என்று இருக்காதீர்கள். அந்த நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும், தண்ணீர் மேலே ஏறாமல் மோட்டார் சும்மா உறுமிக்கொண்டு சூடாகும். முந்தின நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் ஊர்களுக்குக் குடிநீர் தாமிரபரணியில் இருக்கிற உறைகிணறுகளிலிருந்து பம்ப் ஆகி வருகிறது. மின்தடை உங்கள் தெருவில் இல்லாமல் ஆற்றோரத்து நீரேற்று நிலையம் இருக்கிற பக்கம் என்றாலும், அன்றைக்கோ மறுநாளோ குழாயில் தண்ணீர் வராமல் போகும். அதனால் பேப்பரில் அறிவிப்பு வரும்போது உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் தேடாமல், எந்தத் துணைமின் நிலையம் என்பதையும் பாருங்கள்.

சமையலுக்கு வருகிறேன். மாவை முந்தின நாள் சாயங்காலமே ஆட்டிவிடுங்கள். காலையில் பொங்கியிருக்கும். வேண்டியதை இட்லி ஊற்றிவிட்டு, மீதியைச் சின்னத் தூக்குவாளியில் மாற்றி, பிரீசருக்கு அடுத்த தட்டில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வெளியில் வைத்த மாவு மத்தியானத்துக்குள் புளித்துப் போகும். தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி வைப்பதை வேறு நாளுக்குத் தள்ளிப் போடலாம். அன்றைக்கு ரசமும் ஒரு பொரியலும் போதும். வீட்டில் அம்மி இருந்தால் துவையலும் ஆயிற்று.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை உள்ளே குளிர் நிற்கும். நம் மின்தடை ஐந்து மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் முந்தின நாளே இரண்டு மூன்று பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் பிடித்து பிரீசரில் உறைய வைக்கச் சொல்கிறேன். காலை ஒன்பதுக்குச் சற்று முன்னால் அதில் ஒன்றைக் கீழே, பாலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். மத்தியானம் மோர் வேண்டுமென்றால் காலையிலேயே வெளியில் எடுத்து மண்பானைமேல் வைத்துக்கொள்ளுங்கள். மோருக்காகக் கதவைத் திறந்தால் அது மோரோடு நிற்காது, பிள்ளைகள் வரிசையாக வந்து திறப்பார்கள்.

கரண்ட் வருகிற நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலையில் துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். ஸ்விட்சை அணைக்காமல் இஸ்திரிப்பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் போன உடனே இஸ்திரிப்பெட்டி, மோட்டார், கிரைண்டர், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள், கரண்ட் வந்தது தெரிய. வந்ததும் ஐந்து பத்து நிமிஷம் பொறுத்து ஃபிரிட்ஜைப் போடுங்கள். மோட்டாரை அதற்கும் அப்புறம் போடலாம்.

எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலை. கொஞ்சம் தள்ளிக் கூடங்குளம். இவ்வளவு கரண்ட் தயாரிக்கிற இடத்தில் எங்களுக்கே மின்தடை என்பது என்ன நியாயம்?
– வாசகர், பணகுடி

இந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது தம்பி. நம் திருநெல்வேலி மாவட்டம் நெடுங்காலமாகக் கரண்ட் கொடுக்கிற மாவட்டம். 1944-லேயே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்துவிட்டது. கூடங்குளத்தில் முதல் அலகு 2013-லும் இரண்டாவது 2016-லும் மின்தொகுப்போடு இணைந்தன. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். வைகாசி பிறந்து கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை இறக்கை நிற்காமல் சுற்றுவதை நீங்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் 2012-ல் நாம் பட்ட மின்வெட்டு வேறு, இப்போதைய மாதாந்திர மின்தடை வேறு. அன்றைக்குக் கரண்டே பற்றாக்குறை. சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் இருட்டில் கிடந்தோம். இப்போது ஒன்பதிலிருந்து இரண்டு வரை நிறுத்துவது உங்கள் தெருவுக்கு வருகிற கம்பியில் வேலை பார்ப்பதற்காக. கூடங்குளத்துக் கரண்ட் 400 கிலோவோல்ட் கம்பியில் ஏறித் தென்மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்புகிற 11 கிலோவோல்ட் ஃபீடர். அந்த ஃபீடரில் ஆள் ஏறி நிற்கும்போது கண்ணெதிரே காற்றாலை சுற்றினாலும் அந்தக் கரண்ட் உங்களுக்கு வர வழி கிடையாது.

மேலே ஏறி என்னதான் செய்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கம்பியில் உரசுகிற வேப்பங்கிளையையும் தென்னை மட்டையையும் வெட்டுவார்கள். கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கீறல் விட்டிருந்தால் மாற்றுவார்கள். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பீங்கான்மேல் படிந்து ஒரு பூச்சு கட்டிவிடும். ராத்திரிப் பனியில் அது ஈரமானால் கரண்ட் அதன் வழியே கசிந்து பொறி பறக்கும். அதைத் துடைத்தாக வேண்டும். அப்புறம் ஜம்பர். கம்பத்தில் ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும் சேர்க்கிற துண்டு அது. தளர்ந்துபோனால் வெயில் நேரத்தில் சிவந்து, உருகி, நடுராத்திரியில் அறுந்து விழும். நம் பக்கம் மயில் வேறு அதிகம். பறந்து வந்து உட்காரும்போது தோகை இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டால் மயிலும் போச்சு, ஃபீடரும் போச்சு. பகலில் ஐந்து மணி நேரம் ஒழுங்காக வேலை நடந்த ஃபீடரில் ஆடிக்காற்று ராத்திரியில் கரண்ட் போவது குறையும். இதை நான் கண்ணால் பார்த்தவன். அதே சமயம், கரண்டை நிறுத்திவிட்டு வேலை சரியாக நடக்காத ஊர்களும் உண்டு. அங்கே கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, எந்தக் கம்பத்தில் கிளை உரசுகிறது என்று கம்ப எண்ணோடு எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணைக் கம்பத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம். கடைக்காரர் பெரிதாகச் சொல்கிறார். எங்களுக்கு இரண்டு ஃபேனும் மூன்று பல்பும் ஓடினால் போதும்.
– வாசகர், பேட்டை

அப்படியென்றால் பெரிது வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டுக்கு 150. எல்இடி பல்பு 9 வாட், மூன்றுக்கு 27. ஆக 180 வாட் பக்கம் வருகிறது. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 12 வோல்ட் கணக்குக்கு 1,800 வாட்-ஹவர் இருப்பதாக எழுதியிருக்கும். அவ்வளவும் கைக்கு வராது. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும், பேட்டரியையும் அடி வரை வடிய விடக்கூடாது. நல்ல பேட்டரி என்றால் ஐந்து மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்தடைக்கு அது சரியாக இருக்கும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஃபேனை மாற்றுவேன். பிஎல்டிசி என்கிற புது வகை ஃபேன் முப்பது வாட் சுற்றித்தான் இழுக்கும். இரண்டு ஃபேனையும் மாற்றிவிட்டால் அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். மாதாமாதம் கரண்ட் பில்லும் குறையும். ஃபிரிட்ஜ், மிக்சி, இஸ்திரிப்பெட்டி எதையும் இன்வெர்ட்டர் லைனில் கோத்துவிடாதீர்கள்.

பேட்டரியை வைக்கிற இடம் முக்கியம். நம் வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே வைப்பார்கள், பக்கத்திலேயே பூஜை அலமாரியும் இருக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கிற வாயு. விளக்கும் ஊதுபத்தியும் அந்தப் பக்கம் வேண்டாம். காற்றோட்டம் இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது. கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பாருங்கள்.

மத்திய அரசு மானியத்தில் மொட்டை மாடியில் சோலார் போட்டோம். கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் சோலார் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், பாளையங்கோட்டை

ஏமாற்றவில்லை. நின்றால்தான் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

2024-ல் வந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதில் பெரும்பாலோர் போடுவது பேட்டரி இல்லாமல் தெருக்கம்பியோடு சேர்ந்து ஓடுகிற ஆன்-கிரிட் அமைப்பு. உங்களுடையதும் அதுதான். தெருக்கம்பியில் கரண்ட் இல்லை என்று தெரிந்த அடுத்த நொடியே அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நிற்காவிட்டால் உங்கள் மாடியில் விளைகிற கரண்ட் மீட்டர் வழியாக வெளியேறித் தெருக்கம்பியில் ஏறும். அங்கே ஒருவன் கையில் குறடோடு நிற்பான்.

எங்கள் வேலையில் இதற்கு ரிட்டர்ன் சப்ளை என்று பெயர். இதைப் பற்றி எங்கே பேசக் கிடைத்தாலும் நான் விடமாட்டேன். ஒரு கிராமத்தின் கடைசிக் கம்பத்தில் ஜம்பர் மாற்றப் போயிருந்தோம். லைனை நிறுத்தி வேலை பார்க்க அனுமதியான எல்.சி. வாங்கியாயிற்று, டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிற லைனைத் துண்டிக்கிற ஏ.பி. ஸ்விட்சைத் திறந்தாயிற்று, ஃபியூஸையும் உருவியாயிற்று. அதற்கு அப்பால் இருப்பவை நாலைந்து வீடுகள்தான். ஹெல்பர் தம்பி இடுப்பில் கயிறு கட்டி ஏறிவிட்டான். கம்பியைத் தொடும் முன் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார் என்றேன். வைத்தான். பல்பு மங்கலாக, மஞ்சளாக எரிந்தது. அவனை இறக்கிவிட்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டில் பூப்புனித நீராட்டு விழா. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்திருந்தார்கள். இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரால், ஜெனரேட்டரிலிருந்து சுவரில் இருக்கிற பிளக்கில் நேராகச் சொருகியிருந்தது. மெயின் ஸ்விட்ச் ஆனில் இருந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. வீட்டு ஃபேன் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நினைத்தது. எங்களுக்குச் சாப்பாடு போடக் கூப்பிட்டார்கள். அந்தத் தம்பி திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தான்.

அன்றைக்கு ஃபியூஸை உருவியிருந்ததால் அது அந்தத் துண்டுக் கம்பியோடு நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் வரை போயிருந்தால் இன்னும் மோசம். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை இறக்கி உங்களுக்கு 230 தருகிற அதே பெட்டி, உங்கள் 230 வோல்ட் திரும்பி ஏறினால் மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஆக்கிவிடும். இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒரு முனையை வெட்டிப் போடுங்கள்.

சோலாருக்கு மறுபடி வருகிறேன். மின்தடையிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும். அது தெருக்கம்பியைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். செலவு கூடும். மாதத்தில் ஒரு பகலுக்காக அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் நாலு யூனிட் என்றால், 3 கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு. அதில் ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை உங்களுக்குப் போவது ஏழெட்டு யூனிட்தான். பக்கத்து வீட்டாரிடம் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

எங்கள் சுடலைமாடசாமி கோவில் கொடையும் மின்தடையும் ஒரே நாளில் வருகிறது. வில்லுப்பாட்டு, சீரியல் செட் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஜெனரேட்டரைத் தெருவிளக்கு லைனில் கொடுத்து ஓட்டிக்கொள்ளலாமா?
– விழாக் கமிட்டியார், நாங்குநேரி பக்கம்

கூடாது. மேலே எழுதியதை ஒருமுறை கமிட்டியில் எல்லாரும் கேட்க வாசித்துவிடுங்கள் அண்ணாச்சி.

இதற்கு வேறு வழி இருக்கிறது. கொடைத் தேதி முன்கூட்டியே தெரியும். கால் நாட்டிய மறுநாளே உதவிப் பொறியாளரிடம் மனு கொடுங்கள், நோட்டீஸ் ஒன்றையும் இணைத்து. பராமரிப்புத் தேதியை நாலு நாள் முன்னே பின்னே மாற்ற அவர்கள் மேலிடத்தில் பேச முடியும். கடைசி நாளில் போய் நின்றால் முடியாது. மாற்ற முடியாவிட்டாலும் பயமில்லை. மின்தடை மத்தியானத்தோடு முடிந்துவிடும், சாமக்கொடை ராத்திரிதான். மத்தியானக் கொடைக்கு மைக் செட்டுக்கும் சீரியல் செட்டுக்கும் ஜெனரேட்டரிலிருந்து தனி ஒயர் இழுங்கள். கோவில் மெயின் போர்டோடு அது எங்கேயும் சேரக்கூடாது. சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் போடுங்கள். அதன் கைப்பிடி ஒன்று இந்தப் பக்கம் இருக்கும், இல்லை அந்தப் பக்கம் இருக்கும். இரண்டு கரண்டும் ஒரு நாளும் சந்திக்காது. ஜெனரேட்டரைப் பொங்கல் விடுகிற இடத்துக்கும் ஆட்கள் படுக்கிற கொட்டகைக்கும் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கரண்ட் போகிற நாளில் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

ஐந்து மணி நேரத்தில் கெடாது அம்மா, ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் போதும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற மருந்தை 30 டிகிரிக்குள் வெளியிலேயே வைத்திருக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு நாலு வாரம் வரை. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பது அட்டையில் இருக்கும், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால் சித்திரையில் நம் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு மண்பானை போதும். அகலமான பானையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மருந்தைத் தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் மூடி உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள். ஐஸ் பாட்டில்மேல் நேராக மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பிறகு உதவாது.

இன்னொரு வாசகர் அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுவதாக எழுதியிருக்கிறார். ஐந்து லிட்டர் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பி ஐந்து மணி நேரம் இருக்க வேண்டாம். ஒரு சிலிண்டர் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பிரிவு அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்தைப் பயன்படுத்தி ஃபேன் மாட்டுவது, கம்பி ஓரத்து முருங்கையை வெட்டுவது இதையெல்லாம் முடித்துக்கொள்கிறோம். நல்ல யோசனைதானே?
– வாசகர், முக்கூடல்

இல்லை. இரண்டு மணி வரை என்று பேப்பரில் போட்டிருந்தாலும் வேலை பன்னிரண்டுக்கே முடிந்தால் பன்னிரண்டுக்கே கரண்ட் விட்டுவிடுவார்கள். உங்கள் தெருவில் யார் ஏணிமேல் நிற்கிறார்கள் என்று துணைமின் நிலையத்தில் இருக்கிறவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஃபேன் மாட்டுவதென்றால் மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

முருங்கையைத் தொடவே வேண்டாம். இரும்புத் தொரட்டியைத் தூக்கிக் கீரை பறிக்கும்போது கம்பியில் பட்டுப் போன உயிர்கள் நம் பக்கம் எத்தனையோ. கீரைக்கு மூங்கில் தொரட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கம்பிக்கு எதிர்ப் பக்கத்துக் கிளையில் மட்டும். கம்பியை ஒட்டிய கிளையை வெட்ட மின்வாரிய ஆட்களைக் கூப்பிடுங்கள். மின்தடை அன்று எப்படியும் கிளை வெட்டும் வேலையாகத்தான் வருவார்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ராத்திரி பகல் எப்போதும் பேசலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறேன். மின்தடை நாளில் வைஃபையும் போகிறது, செல்போன் சிக்னலும் இழுக்கிறது.
– வாசகி, களக்காடு

வைஃபை ரூட்டர் பத்து வாட் அளவுதான் இழுக்கும். அதற்கென்றே சின்ன மினி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது உங்கள் ரூட்டரின் அடியில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். செல்போன் டவரும் அந்த நேரத்தில் பேட்டரியில்தான் ஓடுகிறது. மத்தியானத்துக்கு மேல் சில இடங்களில் அது இறங்கிவிடும். முக்கியமான மீட்டிங்கைக் காலையிலோ, மூன்று மணிக்கு மேலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். தேதி முன்னாடியே தெரிவதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.